மாசாய் மாரா: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கென்யாவின் மாசாய் மாரா தேசியக் காப்பகத்துக்குப் போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். கட்டணங்களை டாலரில் கொடுத்திருக்கிறோம். அவை அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஏழு நாள் கென்யா போகிறோம். நைரோபி, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாசாய் மாரா என்று ஐந்து இடங்களைப் பயண நிறுவனம் போட்டுக் கொடுத்திருக்கிறது. மாராவில் இரண்டு இரவு. போதுமா? (கோவை)

போதாது. ஏழு நாளில் ஐந்து இடம் என்றால் பாதிப் பயணம் சாலையிலேயே போய்விடும். நைரோபியிலிருந்து நாரோக் வழியாக மாராவின் செக்கெனானி கேட்டுக்கு சுமார் 270 கிலோமீட்டர். ஐந்தாறு மணி நேரம் ஆகும். அம்போசெலியோ கிளிமஞ்சாரோவைப் பார்த்தபடி வேறு திசையில் இருக்கிறது. அங்கிருந்து மாராவுக்கு வருவதற்கே ஒரு பகல் செலவாகும். இரண்டு இரவு என்று தாளில் இருந்தாலும், வந்து சேரும் நாளின் பிற்பகல், நடுவில் ஒரு முழு நாள், கிளம்பும் நாளின் காலை, இவ்வளவுதான் கைக்குக் கிடைக்கும். மாராவுக்கு நான்கு இரவு, நைவாஷா ஏரிக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள். அம்போசெலியையும் நகுருவையும் எடுத்துவிடுங்கள்.

கட்டணக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். வெளிநாட்டவருக்கு மாராவின் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர். டிக்கெட் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். நீங்கள் நைரோபியிலிருந்து வந்து பிற்பகல் 3 மணிக்கு உள்ளே நுழைந்தால், அந்த மூன்று மணி நேரத்துக்கும் தலைக்கு 200 டாலர் முழுசாகப் போகும். அதனால் சாலை வழியாக வருபவர்கள் முதல் இரவை கேட்டுக்கு வெளியே கழித்துவிட்டு, மறுநாள் காலை 6 மணிக்கு நுழைவது நல்லது. காப்பகத்துக்கு உள்ளே தங்குபவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம் கேட்பார்கள். சாவகாசமாகக் காலை உணவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பலூன் சவாரியையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுமார் ஒரு மணி நேரம் பறக்க ஏறத்தாழ 450 டாலரும் அதற்கு மேலும் ஆகிறது. அந்தப் பணத்துக்கு மாராவில் இன்னொரு நாள் இருங்கள் என்பதே எங்கள் கருத்து.

ஆகஸ்டில் போனால் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) கூட்டம் ஆற்றைக் கடப்பதை நிச்சயம் பார்த்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா? (திருச்சி)

நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கூட்டம் மாராவில் இருக்கும் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆற்றில் எப்போது இறங்கும் என்பது யார் கையிலும் இல்லை.

நடப்பது இதுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் இரண்டு லட்சம் அளவுக்கு வரிக்குதிரைகளும் மழையையும் புதுப்புல்லையும் தேடி, தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை அவை தெற்கே, இண்டுட்டுவை ஒட்டிய குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அது தேவை. பெரும்பாலான கன்றுகள் பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களில் பிறந்துவிடும். தெற்கே புல் காய்ந்ததும் கூட்டம் மேற்காகவும் வடக்காகவும் நகர்ந்து, பொதுவாக ஜூலையில் மாரா ஆற்றுக்கு வந்து சேரும். அக்டோபர் வரை அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றை ஒரே தடவை கடந்து முடித்துவிடுவதில்லை. அக்கரையில் மழை பெய்தால் அக்கரைக்கு, இக்கரையில் பெய்தால் இக்கரைக்கு என்று திரும்பத் திரும்பக் கடக்கும்.

கூட்டம் கரைக்கு வந்த பிறகும் மணிக்கணக்கில் நிற்கும். முன்னால் நிற்பவை தண்ணீரை முகர்ந்து பின்வாங்கும், பின்னால் வருபவை நெருக்கும். ஒரு வரிக்குதிரை மிரண்டு ஓடினால் மொத்தமும் சிதறி மேட்டுக்குப் போய்விடும். முதல் விலங்கு இறங்கிவிட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகக் குதிக்கும். அப்போதும் கரையேறும் இடம் செங்குத்தாக இருந்தால் ஏற முடியாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூழ்கும். முதலையிடம் சிக்கிச் சாவதைவிட இப்படி மூழ்கிச் சாவதே மிக அதிகம். 2001 முதல் 2015 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றில் மூழ்கி இறப்பதாகக் கணக்கிட்டது. சதை சில வாரங்களில் கரைந்துவிட, எலும்பு மக்க ஏழு ஆண்டு ஆகிறது. அந்த ஆற்று மீன்களுக்கு அதுவும் உணவுச் சங்கிலியின் ஒரு பகுதி.

நீங்கள் செய்ய வேண்டியது காத்திருப்பது. கூட்டம் கரையில் திரள்வது தெரிந்தால், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். மதிய உணவைப் பொட்டலமாகக் கையோடு கொண்டுபோனால் பாதியில் எழுந்து வரும் தொல்லை இல்லை. முதல் விலங்குகள் இறங்கிக் கடப்பது தொடர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டி முன்னால் போக வேண்டும். அவசரப்பட்டு நான்கு வண்டிகள் கரைக்கு ஓடினால், வழி அடைபட்டு விலங்குகள் அன்றைக்கு இறங்காமலே போய்விடும். அல்லது சரிவான நல்ல இடத்தை விட்டுச் செங்குத்தான இடத்தில் குதித்து மடியும். "இன்னும் கொஞ்சம் முன்னால் போங்கள்" என்று ஓட்டுநரை நச்சரிக்கும் பயணிகளால் ஏற்படும் சாவு அது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அம்மாவுக்கு 64 வயது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எங்கே போடுவது? (மதுரை)

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். கிளம்பும் வாரத்தில் ஓடினால் பயனில்லை, ஒரு மாதம் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் போடும் ஊசிக்கு மட்டுமே சர்வதேசச் சான்று அட்டை கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். நாள், நேரம், முன்பதிவு விவரங்களைக் கேட்டுவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போடும்போது பக்கவிளைவு அபாயம் சற்றுக் கூடுதல். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், தைமஸ் சுரப்பியில் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகப் போடுவதில்லை. அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னால், திரும்பி வரும் விமான நிலையத்தின் சுகாதார அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

மலேரியா தனி விஷயம், அதற்கு மாத்திரை. டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். அடோவகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகு ஏழு நாள். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

விசா பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரி முதல் கென்யாவில் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி வந்துவிட்டது. அரசுக் கட்டணம் சுமார் 30 டாலர். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் கொடுத்து இரண்டு மூன்று மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் நிறைய. முகவரியைக் கவனித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வேனில் போனால் செலவு பாதி. லேண்ட் குரூஸர் அவசியமா? (சேலம்)

மாராவின் பல பகுதிகளில் இருப்பது கரிசல் மண். காய்ந்திருக்கும்போது வேன் ஓடும். ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் சக்கரம் வழுக்கி அச்சுவரை இறங்கிவிடும். குறுக்கே ஓடும் சிற்றோடைப் பள்ளங்களில் மாட்டினால் இன்னொரு வண்டி வந்து இழுக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பரை ஒட்டிச் சிறுமழை. அந்த மாதங்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டிலும் மாராவில் மாலை மழை உண்டு என்பதால் எங்கள் பரிந்துரை எப்போதும் லேண்ட் குரூஸர்தான்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை: வண்டி உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களோடு பகிர்வதா? ஒவ்வொருவருக்கும் ஜன்னல் உண்டா? ஆறு பேருக்கு மேல் ஏற்றினால் கூரையைத் தூக்கி நிற்கும்போது ஆளுக்கு ஆள் மறைப்பார்கள். வழிகாட்டி கென்ய சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கல, வெள்ளி, தங்கத் தரச் சான்றுகளில் எதை வைத்திருக்கிறார்? வெள்ளி கிடைத்தால் நல்லது. நல்ல வண்டியும் சுமாரான வழிகாட்டியும் கிடைப்பதைவிட, சுமாரான வண்டியும் நல்ல வழிகாட்டியும் மேல். முதுகுவலி உள்ளவர்களைப் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார வைக்காதீர்கள், நடு வரிசையில்தான் குலுக்கல் குறைவு.

எங்கள் ஓட்டுநர் சிவிங்கிப்புலியின் (சீட்டா) அருகே போக மறுத்துவிட்டார். புல்வெளியில் இறங்கவும் மாட்டேன் என்றார். இவ்வளவு பணம் கட்டிப் போய் ஏமாந்தோம். யாரிடம் புகார் செய்வது? (ஈரோடு)

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த ஓட்டுநர் சரியாகத்தான் நடந்திருக்கிறார். காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. விலங்கிலிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் கூடாது. மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மீறினால் அபராதம், ஓட்டுநரின் வேலைக்கே ஆபத்து.

சிவிங்கிப்புலி விஷயத்தில் இந்த விதிகளுக்குப் பின்னால் உயிர் இருக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடுவதால், அவற்றிடம் சிக்காமல் இருக்க சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிறது. அதாவது சுற்றுலா வண்டிகள் ஓடும் அதே நேரத்தில். ஓடிப் பிடித்ததும் மூச்சு வாங்கும், உடனே சாப்பிட முடியாது. அந்த இடைவெளியில் வண்டிகள் சூழ்ந்துகொண்டால், கூட்டத்தைப் பார்த்தே கழுதைப்புலி வந்து இரையைப் பறித்துவிடும். குட்டிகளை மறைத்து வைத்திருக்கும் தாய் வண்டிகளுக்கு நடுவே குட்டிகளிடம் திரும்பவும் தயங்கும். 2018-இல் வெளிவந்த மாரா ஆய்வு ஒன்று, சுற்றுலா மிகுந்த பகுதிகளில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளே வளர்ந்து தனித்து வாழும் வயதை எட்டுவதாகவும், சுற்றுலா குறைந்த பகுதிகளில் 2.3 குட்டிகள் எட்டுவதாகவும் சொல்கிறது. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். புகார் கடிதத்தை விட்டுவிட்டு, முடிந்தால் அந்த ஓட்டுநருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள்.

அடுத்த முறை நெருக்கமாகப் பார்க்க ஆசைப்பட்டால் காப்பகத்தை ஒட்டியுள்ள தனியார் பாதுகாப்பு நிலங்களில் தங்குங்கள். மாரா நார்த், ஒலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ ஆகியவை அப்படிப்பட்டவை. மாசாய் நில உரிமையாளர்களிடம் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் இந்த நிலங்களில் முகாம்களின் எண்ணிக்கையும் வண்டிகளின் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். இரவுச் சுற்றும், காவலரோடு நடைப் பயணமும் இங்கேதான் கிடைக்கும். விலை அதிகம், ஆனால் குத்தகைப் பணம் மாசாய் குடும்பங்களுக்குப் போகிறது.

ரேடியோவில் "இங்கே சிங்கம்" என்று குரல் வந்ததும் பறந்து போகும் ஓட்டுநரிடம், வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம். நீங்களும் தேடப் பழகலாம். டோபி மான் கறையான் புற்றின்மேல் ஏறி நின்று ஒரே திசையை வெறித்துப் பார்த்தால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிகள் மேயாமல் ஒரு பக்கமே பார்த்து நின்றாலும் அப்படித்தான். பாறுக் கழுகுகள் வட்டமடிப்பதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. அவை காலைத் தொங்கவிட்டு வேகமாகச் சரிந்து இறங்கினால் இரை கிடக்கிறது. மரத்தில் வரிசையாக உட்கார்ந்தும் இறங்காமல் இருந்தால், இரைக்குப் பக்கத்திலேயே சிங்கமோ சிறுத்தையோ படுத்திருக்கலாம். சிறுத்தையைத் தேட ஆற்றோரப் பெருமரங்களின் கிடைக்கிளைகளைப் பாருங்கள். உடல் இலைக்குள் மறைந்திருக்கும். தொங்கும் வால்தான் முதலில் கண்ணில் படும்.

300 மி.மீ. லென்ஸ் போதுமா? தூசிக்கு என்ன செய்வது? (புதுச்சேரி)

சிங்கம், யானைக்குப் போதும். பறவைக்கும் தூரத்துச் சிறுத்தைக்கும் 400 வேண்டும். 100-400 ஜூம் இருந்தால் பெரும்பாலான நேரம் அதுவே கைகொடுக்கும். வண்டிக்குள் முக்காலியை விரிக்க இடம் கிடையாது. காலிப் பைகளைக் கொண்டுபோய் நைரோபியில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, கூரை விளிம்பில் வைத்து லென்ஸைச் சாயுங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த அதிர்வு படத்தில் தெரியும், அணைக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். ஓடும் விலங்குக்கு 1/1000 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். காலை 10 மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். அப்போது தூரத்தில் எடுத்த படம் மங்கலாக இருந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

வண்டி ஓடும்போது கேமராவைத் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். கென்யாவில் செவ்வக மூன்று முனைப் பிளக். நம் வட்ட முனை நுழையாது. பல முகாம்களில் ஜெனரேட்டர் சில மணி நேரம்தான் ஓடும், கேமரா மின்கலம் குறைந்தது மூன்று கைவசம் இருக்கட்டும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

என்ன உடை, எவ்வளவு சாமான்? (தஞ்சாவூர்)

மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் விடியலில் திறந்த கூரையில் காற்றடிக்கும்போது நடுங்கும். ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேலாடை, கயிறு வைத்த தொப்பி மூன்றும் வேண்டும். 11 மணிக்கு ஒற்றைச் சட்டை போதும். கருநீலமும் கறுப்பும் தவிருங்கள். கடிக்கும் செட்சே ஈயை ஈர்க்கும் நிறங்கள் அவை. அந்த ஈக்களைப் பிடிக்கவே நீல, கறுப்புத் துணிகளைத் தொங்கவிடுவார்கள். ராணுவ உடை போன்ற கோலம் போட்ட துணியும் வேண்டாம்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த பெட்டியைச் சரக்கறைக்குள் திணிக்க முடியாது. இன்னொன்று: துணிகளைப் பாலிதீன் கவரில் சுற்றி அடுக்கும் பழக்கத்தை இந்தப் பயணத்தில் விடுங்கள். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

சைவம் மட்டுமே சாப்பிடுவோம். கிடைக்குமா? (கும்பகோணம்)

கிடைக்கும். கென்யாவில் பல தலைமுறைகளாகக் குஜராத்திகள் வாழ்வதால் முகாம் சமையற்காரர்களுக்குச் சைவம் புதிதல்ல. சப்பாத்தி அங்கே அன்றாட உணவு. கீரைப் பொரியல் மாதிரியான சுகுமா விக்கி, சோளமும் பயறும் சேர்ந்த கிதேரி இரண்டும் நமக்கு ஒத்துவரும். "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், முட்டை, மீன், கோழிச்சாறு சேர்த்த சூப் எதுவும் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மதியப் பொட்டலத்துக்கு முந்தைய இரவே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கோழித் துண்டும் அவித்த முட்டையும் வரும். உணவு இடங்களில் குரங்கைக் கவனியுங்கள்.

ஐந்து வயது மகனை அழைத்துப் போகலாமா? (சென்னை)

நீங்கள் சமாளிப்பீர்கள் என்றால் போகலாம். சில முகாம்கள் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை, முதலில் அதைக் கேளுங்கள். வண்டி உங்களுக்கு மட்டும் என்று எடுங்கள். ஒரு சுற்று மூன்று மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கத்தின் அருகே குழந்தை அலறினாலோ ஜன்னலில் தொங்கினாலோ உடனே நகரச் சொல்லுங்கள். சிறு குழந்தையின் துள்ளல் சிங்கத்தின் கவனத்தைச் சட்டென்று இழுக்கும்.

மாராவிலிருந்து அப்படியே செரெங்கெட்டிக்குப் போய்விடலாமா? வரைபடத்தில் ஒட்டித்தானே இருக்கிறது? (திருநெல்வேலி)

விலங்குகள் போகலாம், நீங்கள் போக முடியாது. காப்பகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கான எல்லைக் கடப்பு இல்லை. மேற்கே சுற்றிக்கொண்டு இசெபானியா எல்லைச் சாவடிக்குப் போய், அங்கே கென்ய வண்டியை விட்டு இறங்கி, அந்தப் பக்கம் சிராரியில் தான்சானிய வண்டியில் ஏற வேண்டும். ஒரு முழு நாள் ஆகும். தான்சானியாவுக்கு இந்தியர்களுக்குத் தனி விசா வேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவில் தான்சானியா சேராது. செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர், மாரா காப்பகத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் மாரா, பிப்ரவரி என்றால் தெற்குச் செரெங்கெட்டி.